ஆரியசாலையில் ஒரு டயர் கடை

கிழக்கே கோட்டையிலிருந்து சாலைத் தெருவுக்குள் நுழைந்தால், கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எங்கே நிற்கிறோம் என்று வாசனையை வைத்தே சொல்லிவிடலாம். பூவும் துளசியும் முடிகிற இடத்தில் புதுத்துணியின் கஞ்சி வாசனை. அப்புறம் மொத்த மளிகைக்கடைகளின் வத்தல், மல்லி, கருப்பட்டி. ஆரியசாலை சந்திப்பைத் தாண்டிக் கிள்ளிப்பாலம் பக்கம் போகும்போது என் சிறுவயதில் இன்னொரு வாசனையும் இருந்தது. சூடேறிய ரப்பரும் சொலூஷனும் கலந்த வாசனை. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகிற வழியில் அது மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிடும். அங்கேதான் ஆசானின் டயர் கடை.

ஆசான் தக்கலைப் பக்கத்துக்காரர். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தவர். மாநிலம் பிரிந்தபோது ஊருக்குப் போகவில்லை. ஆரியசாலையில் அப்படி ஏராளமான குடும்பங்கள் உண்டு. பலசரக்கு வியாபாரிகள், நகைப்பட்டறைக்காரர்கள், சுமடு எடுப்பவர்கள் என்று நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்து தங்கிவிட்டவர்கள். வீட்டுக்குள்ளே தமிழ், கடையில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தர்மராஜா என்று பெயர்பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் அமைத்த கடைத்தெரு இது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாலைக் கம்போளம் என்றுதான் சொல்வார்கள். இந்தத் தெருவிலேயே பாத்திரக்கடை வைத்துக்கொண்டு இந்தத் தெருவின் மனிதர்களையே கதைகளாக எழுதியவர் ஆ. மாதவன். அவருடைய ‘கடைத்தெருக் கதைகள்’ புத்தகத்தைப் பிற்பாடு படித்தபோது, நான் தினமும் பார்த்த முகங்கள் அச்சில் ஏறியிருக்கின்றன என்று உடம்பு சிலிர்த்தது. சுமடு இறக்கிவிட்டு நிழலில் குந்தியிருப்பவர், கடன் கேட்டு வருகிறவர், காரணமில்லாமல் வந்து நின்று வேடிக்கை பார்ப்பவர். ஆசானின் கடையிலும் இதே ஆட்கள்தான் நிற்பார்கள்.

அந்தக் கடைக்கு வேலை கொடுத்ததே கம்போளம்தான். மாட்டுவண்டிகள் ஓடிய காலம் அது. மாட்டின் குளம்பில் அடித்த லாடம் தேய்ந்து ஆணி கழன்று தெருவில் விழும். சரக்குப் பெட்டிகளை உடைக்கும்போது தெறிக்கும் ஆணிகள் வேறு. மழை பெய்து சேறும் வைக்கோலும் மூடிவிட்டால் எந்த ஆணி எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சைக்கிள், ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் எதுவானாலும் சாலைத் தெருவை ஒருமுறை கடந்தால் காற்று போகலாம். லாட ஆணிக்குத் தலை தட்டையாகவும் முனை கூராகவும் இருக்கும். டயருக்குள் ஏறினால் தலை வெளியே மினுங்கும். ஆசான் அதைக் குறட்டால் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுவைப்பார். டப்பா நிறைந்ததும் பழைய இரும்புக்குப் போகும்.

கடை என்று சொன்னாலும் அது ஒரு பலகைக்கதவு அறைதான். முன்னால் ஓட்டுச் சாய்ப்பு. சாய்ப்பின் கீழே தண்ணீர் நிறைத்த அரை டிரம், சுவரில் மாட்டிய டயர்கள், மூலையில் கைப் பம்பு, ஒரு மரப்பெட்டி. மரப்பெட்டிக்குள் லீவர்கள். மூன்று லீவர்களுக்கு மேல் ஆசான் வைத்துக்கொண்டதில்லை. இரண்டு டயரைப் பிடித்திருக்க, ஒன்று வேலை செய்ய. முனைகளை அவரே அரம் போட்டு உருட்டி, உப்புத்தாள் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருப்பார். கூரான முனையுள்ள லீவரை யாராவது கொண்டுவந்தால் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அங்கே நான் அதிகம் பார்த்து நின்றது பிஸ்டனை. லாரி எஞ்சினிலிருந்து கழற்றிய பழைய பிஸ்டன் அது. டியூபில் ஓட்டை விழுந்த இடத்தை அரத்தால் சுரண்டி, சொலூஷன் தடவி, பச்சை ரப்பர்த் துண்டை வைப்பார். அதன்மேல் ஒரு தாள். அதன்மேல் பிஸ்டனின் தட்டையான தலை உட்காரும்படி வைத்து, மேலே திருகாணியை இறுக்குவார். கவிழ்த்துவைத்த பிஸ்டனின் குழிக்குள் ஒரு சின்ன மூடி அளவு பெட்ரோலை ஊற்றிப் பற்றவைப்பார். நீலமும் மஞ்சளுமாக எரிந்து தானாக அணையும். கடிகாரம் பார்க்க வேண்டியதே இல்லை, அந்த ஒரு மூடி பெட்ரோல்தான் கடிகாரம். குறைந்தால் ரப்பர் வேகாது, கூடினால் டியூபே கருகும். அணைந்தபிறகும் உடனே எடுக்கமாட்டார். பிஸ்டன் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை இன்னொரு வேலை பார்ப்பார். எடுத்துப் பார்த்தால் ஒட்டுப்போட்ட துண்டும் டியூபும் ஒரே ரப்பராகியிருக்கும். நகத்தால் கிளப்ப ஓரம் கிடைக்காது. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்ததைத்தான் ஆசான் தினமும் ஒரு லாரி பிஸ்டனை வைத்துச் செய்துகொண்டிருந்தார்.

பெரியப்பாவிடம் ஒரு புல்லட் இருந்தது. கே.எல்.டி. நம்பர். திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி செய்த 350. பெரியப்பாவுக்குப் பருப்பு மொத்த வியாபாரம். கோட்டாறு கம்போளத்தில் என்ன விலை போகிறது என்று நேரில் பார்த்துவர அதில்தான் போவார். கரமனை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில். வளைவும் ஏற்ற இறக்கமுமான ரோடு. அந்த ரோட்டில் இரவில் பின்சக்கரத்தில் காற்று போனால் என்ன ஆகும் என்று பெரியம்மா கவலைப்படுவாள். அதனால் டயர் விஷயத்தில் பெரியப்பா மிச்சம் பிடித்ததே இல்லை. பூ தேய்ந்துவிட்டது என்று ஆசான் சொன்னால் மறுநாளே புது டயர் வந்துவிடும்.

அந்தக் காலத்துப் புல்லட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு, 3.25–19. அது ஒரு பெரிய சௌகரியம். பின்டயர் தேய்ந்தால் முன்டயரைப் பின்னால் போட்டுக்கொண்டு முன்னால் புதிது போடலாம் என்று சிலர் செய்வார்கள். ஆசானுக்கு அது பிடிக்காது. முன்டயர் வெட்டும் பூவும் வேறு, பின்டயர் வெட்டும் பூவும் வேறு, வண்டி திரும்பும்போது எது எதைச் செய்கிறது என்று தெரிந்துதான் கம்பெனிக்காரன் அப்படி வார்த்திருக்கிறான் என்பார்.

பின்சக்கரத்தைக் கழற்றுவதுதான் பாடு. மட்கார்டு தாழ்ந்து இறங்கியிருக்கும். அச்சை உருவிவிட்டாலும் வண்டியை ஒருபக்கம் நன்றாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சக்கரம் வெளியே வரும். அந்தப் பாரத்தைச் சாய்த்துப் பிடிக்க ஆள் வேண்டும். ஆசான் யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. அச்சு உருவுகிற சத்தம் கேட்டதும் எதிரில் நிற்கிற சுமட்டுக்காரர்கள் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். மூட்டை தூக்கிப் பழகிய கை, புல்லட்டை மெதுவாகச் சாய்த்து நிறுத்தும். சக்கரம் வெளியே வந்ததும் ஒரு பீடி, ஒரு சாயா. காசு பேச்சே கிடையாது.

டயர் கழற்றுவதை ஆசான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது வாயால் குறைவு, கையால் அதிகம். முதலில் வால்வின் பின்னைக் கழற்றிக் காற்று முழுக்கப் போகவிட வேண்டும். வால்வை ரிம்மோடு பிடித்திருக்கும் நட்டைக் கழற்ற வேண்டும். பிறகு சக்கரத்தைச் சாக்கின் மேல் படுக்கப் போட்டு டயரின் ஓரத்தைக் குதிகாலால் மிதித்து ரிம்மிலிருந்து பெயர்க்க வேண்டும். சுற்றிச் சுற்றி மிதிக்க வேண்டும். ஒரே இடத்தில் குதித்தால் நடக்காது. இரண்டு பக்கமும் பெயர்ந்தபிறகுதான் லீவர்.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. டயரின் ஓரத்துக்குள் எஃகுக்கம்பி ஓடுகிறது. அது இழுத்தாலும் நீளாது. ரிம்மின் உதட்டைவிட அந்தக் கம்பி வளையம் சிறியது. அப்படியானால் அது எப்படி உதட்டைத் தாண்டி வெளியே வரும்? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் சுற்றிவரும். லீவர் போடுகிற இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் டயர் ஓரத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், இந்தப் பக்கம் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வுதான் எல்லாம். அது இருந்தால் லீவரை இரண்டு விரலால் அமுக்கலாம். இல்லையென்றால் மூன்றுபேர் தொங்கினாலும் வராது. வந்தாலும் ஓரம் கிழிந்து வரும்.

“பலம் பிடிக்காதே மக்கா. லீவர் கனமா இருக்குன்னா தப்பு இங்க இல்ல, அங்க” என்று எதிர்ப்பக்கத்தைக் காட்டுவார். என் முழங்காலை எடுத்து அந்தப் பக்கத்து டயரின் மேல் வைப்பார். அமுங்கி உள்ளே இறங்குவது முழங்காலுக்குத் தெரியும். லீவர் அந்த நொடியே லேசாகிவிடும்.

இந்தப் பள்ளத்தின் வரலாற்றைப் பின்னாளில் தேடிப் படித்தேன். 1888-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் வாங்கினார். தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று செய்துபார்த்தது அது. ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே அதே யோசனைக்கு உரிமம் பெற்றிருந்தார் என்று தெரிந்ததும் டன்லப்பின் உரிமம் செல்லாமல் போயிற்று. டன்லப்பின் முதல் டயர்களைச் சக்கரத்தோடு துணி சுற்றி ஒட்டியிருந்தார்கள். பஞ்சரானால் எல்லாவற்றையும் பிய்க்க வேண்டும். 1890-ல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்ற ஆங்கிலேயர்தான் ஓரத்தில் நீளாத கம்பியும் ரிம்மின் நடுவில் பள்ளமும் வைத்து, டயரைக் கழற்றி மாட்டலாம் என்று காட்டினார். டன்லப்பின் பெயர் உலகமெங்கும் டயர்மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. தெருவோரத்தில் டயர் மாற்றுகிற ஒவ்வொருவருக்கும் சோறுபோட்டது வெல்ச்சின் பள்ளம். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு.

ஒருபக்க ஓரம் வெளியே வந்ததும் கையை உள்ளே விட்டு டியூபை உருவுவார். அப்புறம் டயரையே ரிம்மிலிருந்து தள்ளி எடுப்பார். அடுத்து அவர் செய்கிற காரியத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆனால் அதற்குத்தான் அவருக்கு அதிக நேரம் போகும். ரிம்மை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கம்பியின் நிப்பிளையும் விரலால் தடவுவார். சக்கரம் நேராக்கும்போது யாராவது கம்பியை அதிகம் முறுக்கியிருந்தால் அதன் நுனி நிப்பிளுக்கு வெளியே எட்டிப்பார்க்கும். அதை அரம் போட்டு மட்டம் செய்வார். துருவை உப்புத்தாளால் தேய்ப்பார். அதன்மேல் ரிம் டேப் சுற்றி, வால்வு ஓட்டையும் டேப்பின் ஓட்டையும் நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பழைய டயரையே திரும்பப் போடுவதானால் உள்பக்கம் முழுக்கத் துணியால் துடைப்பார். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள்ளோ ஆணியோ இருக்கும்.

பெரியப்பாவின் வண்டிக்கு ஒருமுறை வெளியூரில், ரோட்டோரத்து ஒரு கடையில், அவசரமாக டியூப் மாற்றினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் மறுபடியும் காற்று போய்விட்டது. ஆசான் அந்த டியூபை உருவி வெயிலில் பிடித்தார். ஆணி குத்திய ஓட்டை இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல், பாம்பு கடித்த மாதிரி. லீவர் உள்ளே போகும்போது டியூபையும் சேர்த்து ரிம்மோடு அழுத்தியிருக்கிறது. பெரியப்பா கோபத்தில் அந்தக் கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தார். “அண்ணாச்சி, அவனுக்கு இருட்டுல கண்ணு தெரிஞ்சிருக்காது. விடுங்கோ” என்று சொல்லிவிட்டு ஆசான் புது டியூபை எடுத்தார். தன் தொழிலில் இருக்கிற இன்னொருவனைப்பற்றி அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை.

மாட்டும்போது அவர் கை இன்னும் மெதுவாகும். புது டியூபின்மேல் டால்கம் பவுடர் பூசுவார். டயருக்குள்ளும் கொஞ்சம் தூவுவார். ஓடும்போது டியூபும் டயரும் உராய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். டயரின் ஒரு ஓரத்தைச் சோப்புத் தண்ணீர் தடவி ரிம்மில் ஏற்றியபிறகு, டியூபுக்கு இரண்டு பம்பு காற்று. வட்டம் பிடிக்கிற அளவு மட்டும். தட்டையாக உள்ளே போகிற டியூப் எங்கேயாவது மடிந்துகொள்ளும். ஓரளவு உப்பிய டியூப் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். வால்வை ஓட்டையில் செருகி, நட்டை நுனியில் மட்டும் பிடிக்கவைப்பார்.

மறு ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் முழங்காலால் அமுக்கிக்கொண்டே வருவார். வால்வுக்கு வந்து முடிக்க வேண்டும். கடைசி ஒரு சாண் நீளம்தான் கெட்டியாக நிற்கும். அவசரக்காரன் லீவரை எடுப்பது அப்போதுதான். ஆசான் எழுந்து, எதிர்ப்பக்கம் போய், எல்லாம் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறதா என்று சுற்றிலும் மறுபடி அமுக்கிவிட்டு வருவார். பல தடவை உள்ளங்கையாலேயே கடைசிச் சாணையும் தள்ளிவிட்டிருக்கிறார். புல்லட்டின் 19 அங்குலத்துக்கு அது முடியும். மைசூரில் செய்த பழைய ஜாவாவின் 16 அங்குலச் சக்கரம் முரண்டு பிடிக்கும். அதற்கு லீவர் எடுத்தே ஆகவேண்டும்.

மாட்டி முடித்ததும் வால்வை உள்ளே ஒரு தள்ளு தள்ளி விடுவார். வால்வைச் சுற்றி டியூப் தடித்து இருக்கும். அந்தத் தடிப்பு டயர் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டியிருந்தால் வால்வு உள்ளே போகாது, அல்லது போனால் திரும்பி வராது. சுதந்திரமாக உள்ளே போய்த் திரும்பினால்தான் பம்பைத் தொடுவார். காற்றடித்து, சக்கரத்தைத் தரையில் தட்டி உருட்டி, டயரின் பக்கத்தில் வார்த்திருக்கும் மெல்லிய கோடு ரிம்மின் உதட்டிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடினாலும் காற்றை முழுக்க இறக்கிவிட்டு இன்னொருமுறை அடிப்பார். உள்ளே டியூபில் ஏதாவது மடிப்பு இருந்தால் அது விரியட்டும் என்று. முன்னால் 18 முதல் 20, பின்னால் 28 முதல் 30, இரண்டு பேர் போவதானால் இன்னும் கொஞ்சம். இது அவர் கணக்கு.

வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்கமாட்டார். வால்வு மூடிக்குக் கீழே, மேலேயே நிறுத்திவைப்பார். காற்று குறைந்து ஓடினால் டயர் ரிம்மின்மேல் மெல்ல நகரும், கூடவே டியூபும் நகரும். நட்டு இறுகியிருந்தால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். தளர்ந்திருந்தால் வால்வு சாயும். “வால்வு தலை சாஞ்சா வண்டி உங்கிட்ட பேசுதுன்னு அர்த்தம்” என்பார். இன்றும் எங்கேயாவது பழைய வண்டி நிற்கக் கண்டால் என் கண் முதலில் வால்வுக்குத்தான் போகிறது.

வருஷத்தில் கடை நெரிந்துபோகிற காலம் நவராத்திரி. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து தேவாரக்கெட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவார்கள். களியக்காவிளையில் வரவேற்பு, நெய்யாற்றின்கரையில் தங்கல், பிறகு கரமனை வழியாகக் கிழக்கே கோட்டை. சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், நங்கைக்குச் செந்திட்டைக் கோயில், குமாரசுவாமிக்கு எங்கள் ஆரியசாலைக் கோயில். ஊரிலிருந்து முருகன் வந்து பத்துநாள் நம் தெருவில் தங்குகிறார் என்பது அங்கிருந்த நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களுக்குச் சொந்தக்காரர் வந்த சந்தோஷம். ஆசானின் வீட்டம்மா அந்த நாட்களில் கோயிலே கதி என்று இருப்பாள்.

அஷ்டமியன்று மாலை பூஜை வைப்பு. நாங்கள் பிள்ளைகள் புத்தகங்களை வைப்போம், ஆசான் லீவர்களை வைப்பார். மூன்று லீவரையும் கழுவித் துடைத்துச் சந்தனம் பூசி, பிஸ்டனுக்கும் பம்புக்கும் பொட்டு வைத்து, அரை டிரம்மில் புதுத்தண்ணீர் நிறைப்பார். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை ஒருவரும் அவற்றைத் தொடக்கூடாது. அதனால் அதற்கு முந்திய நாட்களில் வண்டிகள் வரிசை கட்டும். பூஜைப்புரைக்கு வெள்ளிக்குதிரையில் குமாரசுவாமி எழுந்தருளுவதைப் பார்க்கப் போகிறவர்கள், ஊருக்குப் போகிறவர்கள், எல்லோருக்கும் அன்றே ஆகவேண்டும். பெட்ரோமாக்ஸ் ஏற்றிவைத்துக்கொண்டு ஆசான் வேலை செய்வார். அப்போதும் வால்வை ஒரு தள்ளுத் தள்ளிப் பார்ப்பதை விட்டதில்லை. வரிசையில் நிற்கிறவர் முணுமுணுப்பார். பெரியப்பா மட்டும், “அவர் போக்குல விடுங்க சார், நீங்க வீடு போய்ச் சேருவீங்க” என்பார்.

விஜயதசமியன்று பூஜை எடுத்ததும் முதல் வேலையாக ஒரு சக்கரத்தையாவது கழற்றி மாட்ட வேண்டும். பிள்ளைகள் அரிசியில் எழுதுகிற மாதிரி அவருக்கு அது. ஒரு வருஷம் அந்த முதல் சக்கரம் பெரியப்பாவின் புல்லட்டுடையது. லீவரை என் கையில் கொடுத்தார். சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

கிழிந்த டியூபை ஆசான் எறிந்ததில்லை. நீளவாக்கில் வெட்டி வார்களாக்குவார். சைக்கிள் கேரியரில் மூட்டை கட்ட அந்த வாரைப்போல எதுவும் வராது. கம்போளத்துப் பையன்கள் கவணுக்கு வாங்கிப்போவார்கள். லாரி டியூபை உப்பவைத்துக் கரமனையாற்றில் மிதந்தவர்கள் எங்கள் செட்டில் பாதிப்பேர்.

அந்த ரப்பர் எங்கிருந்தோ வந்ததும் இல்லை. குலசேகரம், கீரிப்பாறைப் பக்கத்து மலையடிவாரங்களில் விடியற்காலையில் பால் வெட்டி, ஷீட் அடித்து, புகைபோட்டு உலர்த்துகிறார்கள். ஆசானின் தம்பி அப்படி ஒரு தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். ஷீட் கோட்டயம் போய், சாலக்குடியையும் சென்னையையும் கல்கத்தாவையும் சுற்றி, டயராகத் திரும்ப வரும். பால்வெட்டுக்காரத் தம்பி ஓணத்துக்கு வரும்போது, கடையில் மாட்டியிருக்கும் புது டயரை மோந்து பார்ப்பார். இரண்டு அண்ணன் தம்பியும் அதைப்பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

அப்புறம் எல்லாம் மெல்ல மாறியது. ரோடு அகலமானது, மாட்டுவண்டி போயிற்று, அதோடு லாட ஆணியும் போயிற்று. அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் வந்தன. டியூப் இல்லாத டயரை அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பெனி 1947-லேயே அறிவித்துவிட்டது. இரு சக்கர வண்டிகளில் அது நம் தெருவுக்கு வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதில் ஆணி ஏறினாலும் காற்று ஆணியைச் சுற்றி மெதுவாகத்தான் கசியும். டியூப் டயரில் ஓட்டை விழுந்தால் காற்று கம்பித் துளைகள் வழியாகவும் வால்வுத் துளை வழியாகவும் ஒரே மூச்சில் போய்விடும். பெரியம்மா பயந்தது அதற்குத்தான். புதிது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பி போட்ட சக்கரத்தில் ஒவ்வொரு நிப்பிளும் ரிம்மைத் துளைத்து நிற்பதால் அங்கே பெரும்பாலும் டியூப் இன்னும் வேண்டியிருக்கிறது. இன்று விற்கிற புல்லட் 350 கூடக் கம்பிச் சக்கரமும் டியூபுமாகத்தான் வருகிறது.

ஆனால் டியூப்லெஸ் பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். ஒரு திரியைச் செருகினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. வண்டியைச் சாய்க்க யாரும் எதிர்ச்சாரியிலிருந்து வரவேண்டியதில்லை. நான் இழந்ததாக நினைப்பது அதைத்தான். ஆசானின் கடை வாசலில் ஒரு சக்கரம் கழன்று மாட்டப்படுகிற நேரத்தில் பருப்பு விலையும், பிள்ளைகளின் பரீட்சையும், ஊரில் மழை உண்டா என்பதும் பேசித் தீர்ந்துவிடும். அந்த நேரத்தை டயர் கொடுத்தது. ஆரியசாலைக்கு இப்போது போனால் அதே சந்திப்பு, அதே கோயில், அதே வத்தல் நெடி. ஆசானின் கடை இருந்த இடத்தில் செல்போன் உறைகள் தொங்குகின்றன. ஆசானும் போய்விட்டார், பெரியப்பாவும் போய்விட்டார்.

புல்லட் இருக்கிறது. நாகர்கோவிலில் தம்பி மகன் வைத்திருக்கிறான். போன ஓணத்துக்குப் போனபோது முன்டயர் வெடிப்பு விட்டிருந்தது. பூ நிறைய இருக்கிறதே என்றான். பூ இருந்தாலும் வெயிலில் ரப்பர் செத்துவிடும், பக்கவாட்டில் முடிபோல வெடிப்பு தெரிந்தால் அந்த டயரை நம்பி ஏறக்கூடாது என்று கழற்றவைத்தேன். அவன் நல்ல கருத்தானவன். ரிம்மில் கீறல் விழாமல் இருக்க பிளாஸ்டிக் காப்பு வாங்கி வைத்திருந்தான், லீவர் அதன்மேல்தான் உட்காரும். ஆசான் பார்த்திருந்தால் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார், அவருக்குப் பிடித்திருக்கும். கடைசிச் சாண் இறுகியபோது லீவரை எடுக்கப் போனான். எதிர்ப்பக்கத்தில் முழங்காலை வைக்கச் சொன்னேன். உள்ளே இறங்கியது. “பெரியப்பா, லேசாயிட்டு!” என்று கத்தினான்.

பின்சக்கரத்தை மழை விட்டதும் மாற்றுவதாக இருக்கிறோம். 3.25–19 டயருக்குச் சொல்லிவைத்திருக்கிறான். பழைய டியூப் நன்றாகத்தானே இருக்கிறது, அதையே போட்டுவிடலாமா என்று போனில் கேட்டான். கூடாது என்றேன். பழைய டியூப் ஓடி ஓடி விரிந்திருக்கும், புது டயருக்குள் இடம் போதாமல் மடியும், மடிந்த இடத்தில் தேய்ந்து ஒருநாள் பிளக்கும். புது டியூப், புது ரிம் டேப், ஒரு டப்பா பவுடர் வாங்கிவை, நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.